கல்வாழைக்குப் பின்னால்

குண்டசாலையில் எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் மயானம். பதினாறு வருடமாக அங்கேதான் குடியிருக்கிறோம். என் நல்ல படங்களில் பாதி அந்த மயானத்தில் எடுத்தவைதான். ஓரத்துப் பலாமரத்துக்கு மரங்கொத்தி வரும், குக்குறுவான் வரும், மழை பெய்த மறுநாள் ஈழத்தலரிப் பூக்கள் கல்லறைகள்மேல் மல்லாந்து கிடக்கும். விடியுமுன் போய் யாரோ ஒருவருடைய தலைமாட்டில் கமரா முக்காலியை ஊன்றிவிட்டு, பனி விலகும்வரை தனியாகக் குந்தியிருப்பேன். ஒருநாள்கூட முதுகு சில்லிட்டதில்லை. பேய்க்கதை சொல்ல ஆரம்பிப்பவர்களைக் கண்டால் தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படியென்றால் இப்போதே எழும்பலாம், குறை நினைக்கமாட்டேன். இதை நான் யாரையும் நம்பவைப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு மனிதருக்கு நான் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை பாக்கியிருக்கிறது, அதைச் செய்ய என்னால் முடியவில்லை, அதனால் சொல்கிறேன்.

வாரநாளில் கண்டியில் அலுவலகம், சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குகிற வேலை. சனி ஞாயிறு வந்தால் கால் வீட்டில் தங்காது. கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன், எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில். வீட்டுச் செம்பருத்தியில் வெள்ளைக்கண்ணிக் குருவி இருந்தால் அது, வெளியூரில் மீன்கொத்தி கிடைத்தால் அது. என் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பறவை, பூ, அதற்குப் பின்னால் வெறும் பச்சை. தண்ணீரில் கரைத்து ஊற்றினாற்போல ஒரு பச்சை. அந்தப் பச்சையில் ஒரு கம்பியோ, பிளாஸ்டிக் வாளியோ, ஆளோ தெரிந்தால் அந்தப் படம் எனக்குப் படமில்லை. அழித்துவிடுவேன். இந்தத் தொழிலில், தொழில் என்ன, இந்தப் பைத்தியத்தில், எல்லாரும் செய்வதுதான் அது.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது, பெயர் வேண்டாம், அதன் மேல் டிவிசனுக்கு நாலு வருடமாகப் போய்வந்தேன். ஒற்றையறை வீடுகளை ஒட்டிக் கட்டிய லயத்தின் கடைசிக் காம்பராவில் ராமையா அண்ணனும் அவர் மனைவி செல்லம்மா அக்காவும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் பீலியில் விழும் ஊற்றுத்தண்ணீர் வழிந்து ஓடும் ஈரத்தில் அக்கா கல்வாழை நட்டிருந்தார், அது பெருகிப் பெருகி ஆள் உயரப் புதராகி நின்றது, தீப்பிடித்தது மாதிரி ஒரு சிவப்பு. காலை ஏழு மணியிலிருந்து தேன்சிட்டுகள் அதில் தொங்கும். சிட்டின் கழுத்து ஊதாவும் பூவின் சிவப்பும் ஒன்றையொன்று தொடும் அந்த ஒரு நொடிக்காக நான் இரண்டு பஸ்ஸும் ஒரு த்ரீவீலும் மாறிப் போவேன்.

முதல் நாள் நான் லென்சைத் தூக்கியபோது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். செம்மஞ்சள் சேலை. பச்சைக்கு நடுவில் அது ஒரு கறையாக விழுந்தது.

"அக்கா, கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா? பின்னால கலர் விழுது."

"நான் எங்க சேர் கலரா இருக்கேன்? கருவாடு மாதிரில இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்.

அதற்குப் பிறகு நான் சொல்லவே தேவைப்படவில்லை. த்ரீவீல் சத்தம் கேட்டதும் கொடியில் காயும் துணியையெல்லாம் வாரி எடுத்து உள்ளே போட்டுவிடுவார். அடுத்த காம்பராக்களுக்கும் குரல் கொடுப்பார், "சிட்டுக்காரரு வந்துட்டாரு, எல்லாரும் ஒளிஞ்சிக்குங்க!" நான் கமராவைக் கண்ணில் வைத்ததும் வாசலிலிருந்து பக்கவாட்டில் ஒரு அடி, இன்னொரு அடி, படத்துக்கு வெளியே. எடுத்து முடித்தபின் பிளேன்டியும் ஒரு துண்டு கருப்பட்டியும் வரும். ராமையா அண்ணன் ஒருதரம் கேட்டார், "எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்களேன் சேர்." நான் வானத்தைப் பார்த்துவிட்டு, "வெயில் ஏறிட்டுதண்ணே, மூஞ்சில நிழல் விழும், அடுத்த தடவை" என்றேன். அடுத்த தடவை அவரும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

பிறகு அந்த மழை. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே. குண்டசாலையில் நாங்கள் நாலு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம், அவ்வளவுதான். மேல் டிவிசனில் மலை சரிந்து இறங்கி லயத்தின் கடைசி நாலு காம்பராக்களையும் கொண்டுபோய்விட்டது என்று ஐந்தாம் நாள்தான் கேள்விப்பட்டேன். ராமையா அண்ணன் நாவலப்பிட்டி டவுனில் மரக்கறிக் கடையில் மூட்டை இறக்குகிறவர். அன்றைக்குப் பாதை மூடியதால் டவுனிலேயே தங்கிவிட்டிருக்கிறார்.

அதற்கு ஒரு வாரத்துக்குப் பின் தெரியாத நம்பரிலிருந்து ஒரு கோல்.

"சேர், நான் ராமையா."

"அண்ணே" என்றேன்.

"கெடைக்கல சேர். தோண்டுறத நிப்பாட்டிட்டாங்க. பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லாத்தையும் எடுத்தாச்சு. இவ ஒருத்தி மட்டும் கெடைக்கல." பின்னால் ஏதோ பாடசாலை மணி அடித்தது. அங்கேதான் எல்லாரையும் தங்கவைத்திருந்தார்கள். "முப்பதாம் நாளு எல்லாருக்கும் சேத்து ஒண்ணா சாமி கும்புடப் போறாங்க. எல்லாரும் படம் வைக்கிறாங்க. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. போனு அவ கையிலதான் இருந்துச்சு. ஐடென்டிகாட்டும் வீட்டோட போயிருச்சு, இருந்தாலும் அதுல அவளுக்குப் பதினெட்டு வயசு, அது யாரோ புள்ள மாதிரி இருக்கும். நீங்கதான் வந்து வந்து அத்தன படம் எடுத்தீங்களே. அதுல ஒண்ணுலயாச்சும் இல்லாமயா போயிரும்?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒடம்பும் இல்ல, படமும் இல்லன்னா நான் எதுக்கு முன்னாடி சேர் வெளக்க வைக்கிறது? மூஞ்சி மறந்துருமோன்னு பயமா இருக்கு. ராத்திரி கண்ண மூடுனா மூக்குத்தி வருது, மூக்கு வர மாட்டேங்குது."

"இருக்கு அண்ணே. ஒரு படம் இருக்கு. முப்பதாம் நாளைக்கு நானே கொண்டு வர்றேன்."

பொய் சொல்லவில்லை. எனக்கு ஒரு படம் ஞாபகம் இருந்தது. போன வருடம் ஒரு காலையில், சூமை முழுக்கக் குறைத்துப் புதர் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு சிட்டு பறந்துபோய் துணிக்கொடியில் மோதித் தடுமாறியது. அக்கா முற்றத்தில் நின்றவர் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார், சிரித்தபடி நேராக என்னைப் பார்த்தார். என்னுடைய கமரா தானாகக் கண்ணைத் தேடிப் பிடிக்கும், பறவையின் கண் அகப்படாவிட்டால் மனிதக் கண்ணைப் பிடித்துக்கொள்ளும். அன்று அது அக்காவின் கண்ணைப் பிடித்தது. சிட்டு மங்கல், அக்கா துல்லியம், மூக்குத்தி வரைக்கும். அந்தப் படம் எனக்கு எப்படி இவ்வளவு ஞாபகம் என்றால், திரும்பி வரும்போது நாவலப்பிட்டி பஸ்ஸின் ஜன்னல் சீட்டில் இருந்துகொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, அதை அழித்தது நான்தான்.

அந்த இரவு, அடுத்த இரவு, கம்பியூட்டருக்கு முன்னால் நாலு வருடத்தையும் திறந்தேன். அந்தத் தோட்டத்துப் படங்கள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல். தேன்சிட்டு, தேன்சிட்டு, கல்வாழை, வெள்ளைக்கண்ணி, கல்வாழைமேல் மழைத்துளி. ஒரு படத்தின் மூலையில் ஒரு முழங்கை. ஒன்றில் வாசல் சீமெந்தில் ஒரு நிழல். ஒன்றில் துணிக்கிளிப்பைப் பிடித்த மூன்று விரல்கள். தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களில் முதல் இரண்டில் மட்டும் ஒரு முதுகு, ஒதுங்கிப் போகிற முதுகு. நாலு வருடம் நான் அந்த மனுசியை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் திரையில் ஓடியது. என் மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு வடிவா எடுத்திருக்கீங்க" என்றாள்.

மேசை லாச்சியில் ஒரு பழைய மெமரி காட் கிடந்தது. ஓரத்துப் பூட்டு உடைந்துபோனதால் பாவிக்காமல் போட்டுவைத்தது, அந்தச் சிட்டு மோதிய நாளில் கடைசியாகப் பாவித்தது. அதை எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு ஓடினேன். அங்கே பாலத்துக்குக் கிட்ட பௌசியின் ஸ்டுடியோ. ஐடென்டிகாட் படம், பாஸ்போட் படம், பிரேம் போடுவது எல்லாம் அவன்தான். அழித்த படங்களை மீட்டுத் தருவதிலும் கெட்டிக்காரன், கலியாண வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டு வந்து சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

"அழிச்சதுக்குப் பொறகு இந்தக் காட்ல வேற படம் ஒண்டும் எடுக்கல்ல தானே? அப்ப பயமில்ல, வரும்" என்றான். "நீங்க அந்தக் கதிரையில இரிங்க. மூஞ்சப் பாத்தா நீங்கதான் அழிஞ்சு போன மாதிரி ஈக்கி."

பட்டப்பகல், பதினொரு மணி இருக்கும். வெளியே அக்குறணை பஸ்காரன் கத்திக்கொண்டிருந்தான். நாற்பத்தொரு படங்கள் மீண்டு வந்தன. பௌசி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினான். இருபத்தாறாவது என்று நினைக்கிறேன், வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே மங்கலான சிட்டு. அதே ஆடும் கொடி. அதே வாசல்.

வாசலில் யாரும் இல்லை.

நம்பினால் நம்புங்கள், நான் பௌசியைப் பிடித்துத் தள்ளிவிட்டு மவுசை வாங்கி முன்னும் பின்னும் போனேன். அக்கா நின்று பழுதாக்கினார் என்பதற்காகவே நான் அழித்த படங்கள் அவை, வேறு ஒரு காரணமும் கிடையாது, அத்தனையிலும் பின்னால் சுத்தமான பச்சையும் வெறும் வாசலும். கொடியில் ஒரு துணி இல்லை.

"இதெல்லாம் நல்லாத்தானே ஈக்கி" என்றான் பௌசி. "என்னத்துக்கு அழிச்சீங்க?"

"இதுல ஒரு பொம்பளை நின்டவ, பௌசி. சிரிச்சுக்கொண்டு நின்டவ."

அவன் என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். சிட்டு மோதிய படத்தை இன்னும் பெரிதாக்கினான், இன்னும். கேலி செய்யப் போகிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவனும் படம் எடுக்கிறவன், கண் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

"போகஸ் எங்க விழுந்திருக்கு, பாருங்க."

சிட்டு மங்கல். கல்வாழை மங்கல். பின்னால் கதவும் மங்கல், அதன் ஆணிகூடத் தெரியவில்லை. கதவுக்கும் கல்வாழைக்கும் நடுவில், முற்றத்து மண்ணில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் சரளைக்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். கமரா அந்த இடத்தில் எதையோ பிடித்திருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. பௌசி ஏதோ ஓதினான், வாய்க்குள். பிறகு, "அந்த மனுசன் எதிர்பாத்துக்கிட்டு ஈப்பாரு. வெறுங்கையோட போகாதீங்க. வீடும் போயிட்டுத்தானே, வீடாச்சும் கெடைக்கட்டும்" என்று அந்தப் படத்தையே பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு, பிரேம் அடித்துத் தந்தான்.

முப்பதாம் நாள் பேப்பரில் சுற்றிய பிரேமை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழி முழுக்க ஒரே வசனத்தை ஒத்திகை பார்த்தேன், அண்ணே மன்னிச்சுக்கங்க, ஆள் இல்ல, வீடுதான் இருக்கு, அண்ணே மன்னிச்சுக்கங்க. பாடசாலை மண்டபத்தில் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு வெள்ளைத்துணி விரித்திருந்தார்கள். அதன்மேல் வரிசையாகப் படங்கள், மாலைகள். நடுவில் ஒரு படத்துக்கான இடத்தை விட்டு, அதற்கு முன்னால் குத்துவிளக்கு மட்டும் வைத்திருந்தார்கள். ராமையா அண்ணன் ஓடி வந்து, நான் வாயைத் திறக்குமுன் பிரேமை என் கையிலிருந்து வாங்கிப் பேப்பரைக் கிழித்தார். பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"சிரிக்கிறா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"எப்ப சேர் எடுத்தீங்க இத? இந்தச் சேலை பரமேஸு கல்யாணத்துக்கு எடுத்துக் குடுத்தது."

பரமேஸ் என்பது செல்லம்மா அக்காவின் தங்கச்சி. கீழ் டிவிசனில் குடும்பம். அன்றைக்கு இந்த மனுசன் டவுனில் தங்காமல் வீட்டுக்கு வந்திருந்தால் அக்காவைக் கூட்டிக்கொண்டு மேட்டுக் கோயிலுக்காவது ஏறியிருப்பார் என்று அவருடன் பேச்சை நிறுத்தியிருந்தாள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்து, "ஐயோ எங்கக்கா, பல்லு தெரியச் சிரிக்கிறாளே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர். "அவதான், அப்படியே இருக்கா." "மூக்குத்தி மின்னுது பாருங்க." நான் அவர்களின் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். மங்கலான சிட்டு, ஆடும் கொடி, வெறும் வாசல். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். வெறும் வாசல்.

ராமையா அண்ணன் எழும்பி, பெஞ்சில் படத்தை வைத்து, மாலையைப் போட்டு, சுமங்கலியாகப் போனவள் என்பதால் ஒரு விரல் நிறையக் குங்குமத்தை எடுத்து, கண்ணாடியின் மேல் பொட்டு வைத்தார். யோசிக்காமல், தேடாமல் வைத்தார். அந்தப் பொட்டு போய் உட்கார்ந்த இடம், கதவுக்கு முன்னால், அந்தச் சரளைக்கற்களுக்கு நேர் மேலே, ஒரு பெண்ணின் நெற்றி இருக்கக்கூடிய உயரம். வெறும் காற்றில் ஒரு சிவப்பு. நான் அதைப் பார்த்தபடியே பின்னால் நடந்து மண்டபத்துக்கு வெளியே வந்துவிட்டேன். அன்று யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். அழுது முடித்து முதல் தடவையாகச் சோறு தின்கிற மனிதரிடம் போய், அண்ணே அதில் ஆள் இல்லை என்றா?

இதோடு முடிந்திருந்தால் நானும் இதை ஒரு கூட்டத் துக்கம், கூட்ட மயக்கம் என்று ஒதுக்கிவிட்டுப் போயிருப்பேன். பாடசாலையிலிருந்து எல்லாரையும் அனுப்பியபின் ராமையா அண்ணன் போக வேறு இடமில்லாமல் பரமேஸ் வீட்டில்தான் ஒண்டியிருந்தார். ஒரே வீடு, ஆனால் பேச்சில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு அவள் பாத்திரத்தைத் தட்டுவாளாம், இவர் போய்ச் சாப்பிடுவாராம். மூன்று வாரம் போயிருக்கும், கோல் எடுத்தார்.

"சேர், ஒண்ணு கேக்கணும். படம் நகருமா?"

"என்ன அண்ணே?"

"பொட்டு வச்சேன்ல, அது வச்ச எடத்துலயே இருக்கு. அவ தள்ளிப் போயிட்டா. ஒரு விரக்கட அளவுக்கு. கண்ணாடி தான் நழுவுதோன்னு பின்னால கழட்டிப் பாத்தேன், இல்ல. நெத்தி இல்லாத எடத்துல பொட்டு நிக்குது, அது நல்லால்லன்னு வேற ஒண்ணு வச்சேன்."

ஈரத்தில் கடதாசி ஊதியிருக்கும் என்று என்னவோ சொன்னேன். அடுத்த வாரம் மறுபடி. அதற்கு அடுத்த வாரம் மறுபடி. ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே வந்தது. "ஓரத்துக்குப் போறா சேர். சிரிச்சிக்கிட்டேதான் போறா. கோவமில்ல. ஆனா போறா." நான் வீட்டில் என் கம்பியூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து பார்ப்பேன், பௌசியையும் அவன் கடையில் பார்க்கச் சொல்வேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது வாசலும் சிட்டும்தான், ஒரு மாற்றமும் கிடையாது.

கடைசியில் ஒருநாள் அவர் அழுதே விட்டார். "இன்னும் ஒரு அடி வச்சான்னா முடிஞ்சிருச்சு சேர். நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல. நீங்க சொன்னாத்தான் கேப்பா. நாலு வருசமா ஒங்க பேச்சுக்குத்தான் அவ நவுந்தா. ஒரு தடவ வந்து நில்லுன்னு சொல்லிட்டுப் போங்க. ஒங்க காலுல வேணும்னாலும் விழுறேன்."

போனேன். கமரா கொண்டுபோகவில்லை, எனக்கு நினைவு தெரிந்து கமரா இல்லாமல் அந்தப் பாதையில் ஏறியது அன்றுதான். பின்னேரம் ஐந்து மணி, பனி இறங்கிக்கொண்டிருந்தது. பரமேஸ் வீட்டுச் சுவரில் அந்தப் படம் தொங்கியது. கண்ணாடியின் மேல் நடுவிலிருந்து இடது ஓரம்வரை குங்குமப் பொட்டுகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, காய்ந்து கறுத்தது முதல் இன்றைக்கு வைத்த ஈரம்வரை, எறும்புச்சாரி மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. கடைசிப் பொட்டுக்கும் பிரேமின் மரத்துக்கும் நடுவில் ஒரு நெல்மணி வைக்க இடமில்லை.

"இதுல பாதி நான் வச்சது இல்ல" என்றார் ராமையா அண்ணன், மெதுவாக.

அடுப்படி வாசலில் நின்ற பரமேஸ் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள், "இவரு வேலைக்குப் போன நாளுல நான் வச்சேன் சேர். நெத்தி வெறுமையா இருந்துச்சு." ஒருவருடன் ஒருவர் ஒரு வார்த்தை பேசாத இரண்டு பேர், நாள் மாற்றி நாள், ஒரே வரிசையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு பொட்டாவது திரும்பி வலப்பக்கம் போயிருக்கிறதா என்று நான் பார்த்தேன். இல்லை.

"சொல்லுங்க சேர்."

என்ன சொல்வது? தெரியாத ஒன்றிடம் எப்படிச் சொல்வது? ஒருதரம் தொண்டையைச் செருமினேன். கடைசிப் பொட்டுக்கு நேரே பார்த்துக்கொண்டு, வெட்கத்தோடு, திருடன் மாதிரி, "அக்கா, ஒதுங்க வேணாம். அப்படியே நில்லுங்க" என்றேன். இன்னும் ஒருதரம் சொன்னேன், "நில்லுங்கக்கா, போகாதீங்க." கண்ணாடியில் என் முகத்தைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. பின்னால் பரமேஸ் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"திரும்பிட்டா" என்றார் ராமையா அண்ணன். "ஒங்களத்தான் பாக்குறா."

நான் அவர் கொடுத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் இறங்கிவிட்டேன். த்ரீவீலுக்காகக் காத்திருக்கவில்லை, பனிக்குள் டவுன்வரை நடந்தேன்.

பத்து நாள் கழித்து அவரே அழைத்தார். குரலில் பழைய சிரிப்பு கொஞ்சம் இருந்தது. "நிக்கிறா சேர். நீங்க சொன்னதுலேர்ந்து ஒரு நூலு நகரல. அதே பொட்டுதான், புதுசு வைக்கவேயில்ல." பரமேஸும் அவரும் இப்போது கொஞ்சம் பேசிக்கொள்கிறார்களாம், படத்தைப் பற்றி மட்டும். நான் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாடா என்றிருந்தது. நம்புகிறேனா இல்லையா என்பதெல்லாம் வேறு, ஒரு மனிதருக்கு அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

"ஆனா சேர்" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"கால மாத்தி மாத்தி வச்சிக்கிட்டு நிக்கிறா. அவளுக்கு முட்டிவலி, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, ஒங்க முன்னாடி காட்டிக்க மாட்டா. ரொம்ப நேரம் நின்னா ஒடம்பு நடுங்கும். மூஞ்சில இப்ப அந்தச் சிரிப்பு இல்ல, பல்லக் கடிச்சிக்கிட்டு நிக்கிறா. சும்மா இருக்குற நேரமா பாத்து ஒருநாளு வந்து, உக்காரச் சொல்லிட்டுப் போங்க."

"நீங்களே சொல்லலாமே அண்ணே."

"நாங்க சொன்னா கேக்குறாளா? நீங்க நில்லுன்னு சொன்னீங்களாம், நிக்கிறா."

வருகிறேன் என்றுதான் சொன்னேன். மனதாரச் சொன்னேன். அந்த ஞாயிறு கண்டி பஸ் நிலையம்வரை போய், நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறி, சீட்டில் இருந்து, பஸ் கிளம்புமுன் இறங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு அதுகூடச் செய்யவில்லை. உட்காருங்கள் என்று நான் சொல்லி, அவர் உட்கார்ந்துவிட்டார் என்று அவர்கள் இருவரும் சேர்ந்து சொன்னால், பிறகு அடுத்தது என்ன கேட்பார்கள், எதுவரைக்கும் கேட்பார்கள், எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்கு நான் கட்டளை இட்டுவிட்டேன். அதைத் திருப்பி எடுக்கவும் பயம், அப்படியே விடவும் பயம்.

நேற்றும் அவர் நம்பர் வந்தது. மனைவி போனை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். நான் கையை ஆட்டி, வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ நீளமாகச் சொல்ல, இவள் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு போனை வைத்தாள்.

"அவசரமில்லையாம்" என்றாள். "உங்களுக்கு நேரம் கிடைக்கிறவரைக்கும் அவங்க நிப்பாங்களாம்."